பாசிசம்: யாரை, எப்போது அப்படி அழைப்பது?

2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது படையெடுப்பை அறிவித்த ரஷ்ய அதிபர் புதின், அந்நாட்டை நாஜிகளின் பிடியிலிருந்து மீட்பதும் தம் நோக்கங்களில் ஒன்று என்றார். 2023 மே மாதம் உக்ரைன் நாடாளுமன்றம் ரஷ்ய ஆட்சியின் சித்தாந்தத்துக்கு 'ரஷிசம்' என்று பெயரிட்டுக் கண்டனம் தெரிவித்தது. ரஷ்யாவையும் பாசிசத்தையும் ஒட்டிச் செய்த சொல் அது. இரு தரப்பும் சமம் என்று இதற்குப் பொருளில்லை. படையெடுத்தது யார் என்பதில் குழப்பம் எதுவும் கிடையாது. ஆனால் எதிரியை உலகத்தின் முன் நிறுத்த இரண்டு அரசுகளுக்கும் கைக்கு எட்டிய சொல் ஒன்றாகவே இருந்திருக்கிறது.

இந்தச் சொல்லுக்குப் பொருளே இல்லாமல் போய்விட்டது என்ற புலம்பல் புதிதல்ல. ஹிட்லரும் முசோலினியும் உயிரோடிருந்த 1944லேயே ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் லண்டன் வார இதழ் ஒன்றில் இதைப் பற்றி எழுதினார். பழமைவாதிகள், சோஷலிஸ்டுகள், கம்யூனிஸ்டுகள், கத்தோலிக்கர்கள், போரை எதிர்த்தவர்கள், போரை ஆதரித்தவர்கள் என எல்லோரும் யாரோ ஒருவரால் பாசிஸ்ட் என்று அழைக்கப்பட்டதைப் பட்டியலிட்டார். பேச்சுவழக்கில் கடைக்காரர்கள், காந்தி, சோதிடம், நாய்கள் வரை அந்தச் சொல் பாய்ந்திருப்பதைக் கேட்டதாகவும் எழுதினார். இந்தப் பட்டியலை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அவர் நிறுத்தவில்லை. இவ்வளவு குழப்பத்துக்கு அடியிலும் மக்கள் ஏதோ ஒன்றை உணர்ந்தே இதைச் சொல்கிறார்கள், கொடூரமும் ஆணவமும் சுதந்திர விரோதமும் தொழிலாளர் விரோதமும் கொண்ட ஒன்றை, சுருக்கமாகச் சொன்னால் அடாவடியை, என்று தொடர்ந்தார். சொல் தேய்ந்திருக்கிறது, ஆனால் செத்துவிடவில்லை என்பதுதான் அவர் கணிப்பு. இன்றைக்கும் அது பொருந்தும்.

குழப்பத்தின் வேர் வசைபாடிகளின் நாக்கில் மட்டும் இல்லை. அந்த இயக்கத்தின் பிறப்பிலேயே இருக்கிறது. 'ஃபாஷோ' என்றால் இத்தாலிய மொழியில் கட்டு, அல்லது அணி. பண்டைய ரோமில் உயர் ஆட்சியாளர்களுக்கு முன்னால் காவலர்கள் சுமந்து சென்ற, கோடரி செருகிய பிரம்புக்கட்டிலிருந்து வந்தது. ஒற்றைப் பிரம்பு முறியும், கட்டு முறியாது என்ற அர்த்தத்தில் அந்தச் சின்னம் எத்தனையோ குடியரசுகளில் இடம்பிடித்தது. அமெரிக்கப் பிரதிநிதிகள் அவையில் சபாநாயகர் மேடைக்கு இருபுறமும் இன்றும் வெண்கலத்தில் அது இருக்கிறது. அதைப் படமெடுத்துப் போட்டு அமெரிக்கா பாசிச நாடு என்று நிரூபிக்க முயல்வோர் அவ்வப்போது தோன்றுகிறார்கள். 1890களின் தொடக்கத்தில் சிசிலித் தீவின் குத்தகை விவசாயிகளும் கந்தகச் சுரங்கத் தொழிலாளர்களும் அமைத்த இடதுசாரிச் சங்கங்களுக்கும் இதே பெயர்தான். 1894 ஜனவரியில் பிரதமர் கிறிஸ்பி ராணுவத்தை அனுப்பி அவற்றை நசுக்கினார். ஆக, சொல்லின் வரலாற்றைத் தோண்டினால் சுவையான செய்திகள் கிடைக்கும். பாசிசம் என்றால் என்ன என்பது கிடைக்காது.

முசோலினி 1914 வரை சோஷலிஸ்ட் கட்சியின் நாளிதழுக்கு ஆசிரியர். இத்தாலி முதல் உலகப் போரில் இறங்க வேண்டும் என்று வாதிட்டதால் கட்சி அவரை வெளியேற்றியது. போர் முடிந்தபின், 1919 மார்ச் 23 அன்று மிலான் நகரின் சான் செபோல்க்ரோ சதுக்கத்தில் ஒரு கூட்டம் கூட்டி 'போராட்ட அணிகள்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அந்த ஆண்டு வெளிவந்த செயல்திட்டத்தைப் படித்தால் வியப்பாக இருக்கும். பெண்களுக்கு வாக்குரிமை, எட்டு மணி நேர வேலை, மூலதனத்தின் மீது கடுமையான வரி என்று அது நீள்கிறது. நவம்பர் தேர்தலில் மிலானில் அவருடைய அணிக்குக் கிடைத்தவை ஐந்தாயிரத்துக்கும் குறைவான வாக்குகள். ஓர் இடம்கூட வெல்லவில்லை. அதே தேர்தலில் சோஷலிஸ்டுகள் 156 இடங்களுடன் தனிப்பெரும் கட்சியானார்கள்.

இரண்டே ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. வாக்காளர்களை அந்தச் செயல்திட்டம் கவர்ந்ததால் அல்ல. அதற்குள் அதைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். 1919, 1920 ஆகிய ஆண்டுகளில் இத்தாலியில் வேலைநிறுத்தங்களும் தொழிற்சாலைக் கைப்பற்றல்களும் பெருகின. போ நதிச் சமவெளியில் விவசாயத் தொழிலாளர் சங்கங்கள் கூலியை நிர்ணயிக்கும் அளவுக்கு வலுப்பெற்றன. நிலவுடைமையாளர்கள் மிரண்டார்கள். அவர்கள் தந்த பணத்தோடும் லாரிகளோடும் கருஞ்சட்டை அணிந்த முசோலினியின் படைகள் இரவில் கிராமங்களுக்குள் புகுந்தன. சங்க அலுவலகங்களையும் கூட்டுறவுக் கடைகளையும் எரித்தன. தலைவர்களை அடித்து, வலுக்கட்டாயமாக விளக்கெண்ணெய் குடிக்கவைத்து அவமானப்படுத்தின. காவல்துறை பல இடங்களில் வேடிக்கை பார்த்தது, சில இடங்களில் உதவியது. 1920 இறுதியில் இருபதாயிரத்தை ஒட்டியிருந்த உறுப்பினர் எண்ணிக்கை அடுத்த ஆண்டு முடிவில் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. 1921 மே தேர்தலில் முதுபெரும் தாராளவாதியான பிரதமர் ஜொலித்தி இவர்களைத் தம் கூட்டணியில் சேர்த்துக்கொண்டார். வீதியில் அடித்தவர்களுக்கு நாடாளுமன்றத்தில் 35 இடங்கள் கிடைத்தன.

பாசிசத்தைப் புரிந்துகொள்ள நூறு கோட்பாட்டு நூல்களைவிட இந்த இரண்டு ஆண்டுகள் உதவும் என்பது என் கருத்து. எல்லாம் அரசுக்குள்ளே, அரசுக்கு எதிராக எதுவும் இல்லை என்ற முழக்கம் 1925இல்தான் வந்தது. இத்தாலியக் கலைக்களஞ்சியத்தில் தத்துவவாதி ஜென்தீலேயின் கைவண்ணத்தோடு 'பாசிசக் கோட்பாடு' வெளியானது 1932இல், ஆட்சிக்கு வந்து பத்து ஆண்டுகள் கழித்து. முதலில் செயல் வந்தது, அதற்கான தத்துவம் சாவகாசமாகப் பின்னால் வந்தது. மார்க்சியத்தையோ தாராளவாதத்தையோ போல மூலநூலைப் புரட்டி இதை வரையறுக்க முயல்கிறவர்கள் அதனால்தான் வழுக்கி விழுகிறார்கள்.

'பாசிசம் என்பது அரசும் கார்ப்பரேட் நிறுவனங்களும் ஒன்றாவது' என்று முசோலினி சொன்னதாக ஒரு வாசகம் இணையமெங்கும் சுற்றுகிறது. அவருடைய எழுத்திலோ பேச்சிலோ அதற்கு ஆதாரம் இல்லை. அவர் காலத்து இத்தாலியில் 'கார்ப்பரேஷன்' என்பது ஒரு தொழிலின் முதலாளிகளையும் தொழிலாளர்களையும் அரசின் கண்காணிப்பில் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்த அமைப்பைக் குறித்தது, பங்குச்சந்தை நிறுவனத்தை அல்ல. நடைமுறையில் அந்தக் குடை முதலாளிகளுக்கே நிழல் தந்தது என்பது வேறு. 1926இல் வேலைநிறுத்தம் சட்டவிரோதமாக்கப்பட்டது.

இதற்கு நேரெதிரான இன்னொரு வாதமும் உண்டு. முசோலினி முன்னாள் சோஷலிஸ்ட், ஹிட்லரின் கட்சிப் பெயரிலேயே 'சோஷலிஸ்ட்' இருக்கிறது, எனவே பாசிசம் இடதுசாரிப் பயிர் என்பது அது. இதற்கு நீண்ட மறுப்பு தேவையில்லை. 1933 மார்ச் மாதம் திறக்கப்பட்ட டாக்காவ் வதைமுகாமில் முதலில் அடைக்கப்பட்டவர்கள் கம்யூனிஸ்டுகளும் சமூக ஜனநாயகவாதிகளும். அந்த மே 2ஆம் தேதி ஜெர்மனியின் தொழிற்சங்க அலுவலகங்கள் ஒரே நாளில் கைப்பற்றப்பட்டன.

வரையறைச் சண்டையால் உயிர்கள் போன கதைக்கு வருவோம். 1920களின் இறுதியில் மாஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட கம்யூனிஸ்ட் அகிலம் (பல நாட்டுக் கம்யூனிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பு), முதலாளித்துவ நெருக்கடியின் இறுதிக்கட்டம் வந்துவிட்டதாகக் கணித்தது. அந்தக் கணக்கில், தொழிலாளர்களைச் சீர்திருத்தப் பாதையில் கட்டிவைக்கும் சமூக ஜனநாயகவாதிகளே முதன்மை எதிரி. அவர்களுக்கு 'சமூக பாசிஸ்டுகள்' என்று பெயரிட்டார்கள். சமூக ஜனநாயகவாதிகளின் கையிலும் ரத்தக்கறை இல்லாமலில்லை. 1919இல் பெர்லின் எழுச்சி ஒடுக்கப்பட்டு கம்யூனிஸ்ட் தலைவர் ரோசா லக்சம்பர்க் கொல்லப்பட்டபோது ஆட்சியில் இருந்தவர்கள் அவர்கள். 1929 மே தினத்தில் பெர்லின் ஊர்வலத்தினரைச் சுட்டதும் அவர்களுடைய நிர்வாகத்தின் கீழ் இருந்த காவல்துறைதான். கசப்புக்குக் காரணம் இருந்தது. ஆனால் 1932 நவம்பரில் நடந்த ஜெர்மன் தேர்தலின் முடிவைப் பாருங்கள். நாஜிகளுக்கு 33.1 விழுக்காடு. சமூக ஜனநாயகவாதிகளுக்கு 20.4, கம்யூனிஸ்டுகளுக்கு 16.9. இரண்டையும் கூட்டினால் நாஜிகளைவிட அதிகம். இவர்கள் சேர்ந்திருந்தால் ஹிட்லரைத் தடுத்திருக்கலாம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆட்சிக் கதவைத் திறந்துவிட்டது வேறு ஆட்கள். ஆனால் எல்லோரையும் பாசிஸ்ட் என்று அழைத்துப் பழகியவர்களுக்கு, உண்மையான பாசிஸ்ட் வாசலில் வந்து நின்றபோது அவனுக்கென்று தனிச் சொல் மிச்சமில்லாமல் போயிருந்தது.

பாடம் தாமதமாக வந்தது. 1935இல் அகிலத்தின் ஏழாவது மாநாட்டில் பல்கேரியத் தலைவர் டிமித்ரோவ் ஐக்கிய முன்னணிக்கு அழைப்பு விடுத்தார். அப்போது அவர் முன்வைத்த வரையறைதான் நிதி மூலதனத்தின் மிகப் பிற்போக்கான, மிகத் தீவிரப் பேரினவாதம் கொண்ட, மிக ஏகாதிபத்தியத் தன்மையுடைய பகுதிகளின் வெளிப்படையான பயங்கரவாதச் சர்வாதிகாரம் என்பது. உலகின் இடதுசாரிகள் பலர் இன்றும் மனப்பாடமாகச் சொல்வது இதையே. இதில் ஒரு நல்லதும் ஒரு குறையும் இருக்கின்றன. ஆட்சிப் பொறுப்பில் உள்ள முதலாளித்துவக் கட்சிகளுக்கிடையே அது வேறுபாடு காட்டியது. எல்லாம் ஒன்றே என்று சொல்லவில்லை. ஆனால் கோடிக்கணக்கான கடைக்காரர்களும் எழுத்தர்களும் முன்னாள் சிப்பாய்களும் வேலையற்ற இளைஞர்களும் ஏன் மனமுவந்து அந்த இயக்கத்தில் சேர்ந்தார்கள் என்பதற்கு அதில் விடை கிடையாது. இதை 1923லேயே ஜெர்மன் கம்யூனிஸ்ட் தலைவர் கிளாரா ஜெட்கின் எச்சரித்திருந்தார். பாசிசத்தை வெறும் முதலாளிகளின் அடியாள்படை என்று எண்ணாதீர்கள், அதன் பின்னால் ஏமாற்றமடைந்த பரந்த மக்கள் திரள் நிற்கிறது என்றார். அவர் குரல் எடுபடவில்லை.

போருக்குப் பின் சொல் இன்னொரு திசையில் ஓடியது. வெற்றிபெற்ற சோவியத் ஒன்றியத்துக்குப் பாசிச எதிர்ப்பு என்பது அரசின் அடையாளமே ஆனது. 1961இல் பெர்லின் நகரின் குறுக்கே எழுப்பிய சுவருக்குக் கிழக்கு ஜெர்மன் அரசு வைத்த அதிகாரப்பூர்வப் பெயர் 'பாசிச எதிர்ப்புப் பாதுகாப்பு அரண்'. அந்த அரணின் துப்பாக்கிகள் குறிபார்த்தது தப்பியோட முயன்ற தன் சொந்தக் குடிமக்களை.

பல்கலைக்கழகங்களில் நடந்த விவாதம் வேறு தளத்தில் சென்றது. பிரிட்டன் அறிஞர் ரோஜர் கிரிஃபின் 1991இல் ஒரு சுருக்கமான கருவைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார்: சீரழிந்துபோன தேசம் சாம்பலிலிருந்து மீண்டும் பிறக்கும் என்ற தொன்மத்தை மையமாகக் கொண்ட தீவிரத் தேசியவாதம். இதில் நிறைய உண்மை உண்டு. ஆனால் தேச மறுபிறப்பு பேசாத தேசியவாதி யார்? 1995இல் இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோ பாசிசத்தின் 14 கூறுகளைப் பட்டியலிட்டார். மரபு வழிபாடு, மாற்றுக் கருத்தைத் துரோகமாகப் பார்ப்பது, வேறுபட்டவர் மீதான அச்சம், சதிக் கோட்பாட்டு மோகம் எனப் போகும் அந்தப் பட்டியல் அழகானது. அவற்றுள் பல ஒன்றோடொன்று முரண்படும், ஏதேனும் ஒன்று இருந்தாலே அதைச் சுற்றிப் பாசிசம் திரண்டுவிடலாம் என்று எக்கோவே சொன்னார். அந்த எச்சரிக்கையை மறந்துவிட்டு, மருத்துவப் பரிசோதனைப் படிவம்போல 'பதினான்கில் பதினொன்று வந்துவிட்டது' என்று டிக் போடுவது இன்று ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய எந்த ஆட்சிக்கும் ஐந்தாறு தேறும்.

எனக்கு அதிகம் பயன்படுவது அமெரிக்க வரலாற்றாசிரியர் ராபர்ட் பாக்ஸ்டனின் அணுகுமுறை. அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைவிட என்ன செய்தார்கள், யாரோடு சேர்ந்து செய்தார்கள் என்று பார் என்பது அதன் சாரம். அவமானப்படுத்தப்பட்ட சமூகம் என்ற உணர்வு, தூய்மையும் ஒற்றுமையும் பற்றிய வெறி, வெகுமக்கள் கட்சி, பழைய மேட்டுக்குடியினரோடு உரசலும் உறவுமான கூட்டு, சட்ட வரம்பற்ற வன்முறை ஆகியவை சேர்ந்து ஐந்து கட்டங்களாக வளர்வதை அவர் விளக்கினார். இயக்கம் உருவாதல், அரசியலில் வேரூன்றல், அதிகாரத்துக்கு வருதல், அதிகாரத்தைச் செலுத்துதல், கடைசியில் தீவிரமடைதல் அல்லது நீர்த்துப்போதல். பெரும்பாலான பாசிச இயக்கங்கள் இரண்டாம் கட்டத்தையே தாண்டியதில்லை. பிரிட்டனில் 1932இல் மோஸ்லி தொடங்கிய கட்சிக்குச் சீருடை இருந்தது, ஊர்வலம் இருந்தது, அடிதடியும் இருந்தது. நாடாளுமன்றத்தில் ஓர் இடம்கூட அது வென்றதில்லை.

இந்தப் பார்வையின் இன்னொரு பலன், எல்லாச் சர்வாதிகாரமும் பாசிசம் அல்ல என்பது தெளிவாவது. பழைய பாணிச் சர்வாதிகாரி மக்கள் வீட்டில் அமைதியாக இருந்தால் போதும் என்று நினைப்பான். பாசிசத்துக்கு அது போதாது. அவர்கள் வீதிக்கு வந்து ஆர்ப்பரிக்க வேண்டும். அதனால் இருவருக்கும் ஆகாமல் போவதும் உண்டு. போர்ச்சுகல்லின் சலாசர் 1934இல் தம் நாட்டுப் பாசிச இயக்கமான தேசிய சிண்டிக்கலிஸ்டுகளைத் தடைசெய்தார். பிரேசிலின் வர்காஸ் 1938இல் பச்சைச்சட்டை அணிந்த ஒருங்கிணைப்புவாதிகளை ஒடுக்கினார். ருமேனியாவில் 1941 ஜனவரியில் தளபதி அன்டனெஸ்கு, அதுவரை ஆட்சியில் பங்காளியாக இருந்த இரும்புக் காவலர் இயக்கத்தை ராணுவத்தைக் கொண்டு நசுக்கினார். ஹிட்லர் ஆதரித்தது அன்டனெஸ்குவை. யூதர்களைக் கொன்றதில் அந்த ராணுவ ஆட்சி இரும்புக் காவலருக்குச் சளைத்ததாக இருக்கவில்லை. பாசிசம் அல்லாத கொடுங்கோன்மை குறைந்த கொடுமை என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஃபிராங்கோவின் ஸ்பெயினை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஃபலாஞ்ச் என்ற பாசிசக் கட்சியை அவர் விழுங்கினார், அது அவரை விழுங்க முடியவில்லை.

சொல்லை மிக அகலமாக்கியதால் வந்த கேட்டைப் பார்த்தோம். மிகக் குறுக்கினாலும் கேடுதான். பாசிசம் என்றதும் நம் மனத்தில் எழும் படங்கள் 1940களின் படங்கள்: விஷவாயு அறைகள், எரியும் நகரங்கள். அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எந்த நாட்டிலும் எதுவும் பாசிசமாகத் தோன்றாது. 1922 அக்டோபர் 28 அன்று கருஞ்சட்டையினர் ரோமை நோக்கிக் கிளம்பியபோது பிரதமர் ஃபாக்தா அவசரநிலை ஆணையைத் தயாரித்துக் கொடுத்தார்; அரசர் மூன்றாம் விக்டர் இம்மானுவேல் கையெழுத்திட மறுத்தார். முசோலினி மிலானிலிருந்து இரவு ரயிலில் வந்து, அரசரிடம் முறைப்படி நியமனம் பெற்றார். முதல் அமைச்சரவையில் அவர் கட்சியினர் சிறுபான்மை. நவம்பரில் 306க்கு 116 என்ற கணக்கில் நம்பிக்கை வாக்கு வென்றார். ஆதரித்தவர்களில் ஜொலித்தியும் ஒருவர். பத்திரிகைகள் வெளிவந்தன, எதிர்க்கட்சிகள் பேசின. 1923இல் ஒரு தேர்தல் சட்டம் வந்தது: 25 விழுக்காட்டுக்கு மேல் பெற்று முதலிடம் வரும் அணிக்கு மூன்றில் இரண்டு பங்கு இடங்கள். 1924 தேர்தல் முறைகேடுகளை அவையில் அம்பலப்படுத்திய சோஷலிஸ்ட் உறுப்பினர் மத்தேயோத்தி ஜூன் 10 அன்று கடத்திக் கொல்லப்பட்டார். அப்போதும் ஆட்சி கவிழவில்லை. 1925 ஜனவரி 3 அன்று நடந்தவை அனைத்துக்கும் தாமே பொறுப்பு என்று முசோலினி நாடாளுமன்றத்திலேயே அறிவித்தார். யாரும் எதுவும் செய்யவில்லை. மற்றக் கட்சிகள் ஒழிக்கப்பட்டு, கம்யூனிஸ்ட் தலைவர் கிராம்சி சிறைக்குப் போனது 1926 நவம்பரில். ரோம் அணிவகுப்பிலிருந்து நான்கு ஆண்டுகள். இந்த நான்கு ஆண்டுகளில் எந்த நாளில் 'இதோ, இன்று பாசிசம் வந்துவிட்டது' என்று சொல்லியிருக்க வேண்டும்? இனச்சட்டங்கள்கூட 1938இல்தான் வந்தன; அதுவரை கட்சியில் யூத உறுப்பினர்கள் இருந்தார்கள். எத்தியோப்பியர்கள் மீது விஷவாயு வீசியது அதற்கும் முன்பே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்றைய சச்சரவுகளின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. டொனால்ட் டிரம்பைப் பாசிஸ்ட் என்று அழைக்கக் கூடாது என்று ஆண்டுக்கணக்கில் வாதிட்டு வந்தவர் இதே பாக்ஸ்டன். 2021 ஜனவரி 6 அன்று தேர்தல் முடிவைக் கவிழ்க்க ஒரு கும்பல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த பிறகு, இனி அந்தச் சொல் பொருத்தமானது மட்டுமல்ல, அவசியமானது என்று எழுதினார். அவரை மாற்றியது எந்தப் பேச்சோ கொள்கையோ அல்ல, செயல். அவருக்குச் சமமான தகுதியுள்ள வேறு அறிஞர்கள் இன்றும் இதை ஏற்கவில்லை.

இந்தியாவில் 1975 நெருக்கடிநிலையின்போது அதை எதிர்த்தவர்கள் அதைப் பாசிசம் என்றார்கள். ஆதரித்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியோ ஜெயப்பிரகாஷ் நாராயணின் இயக்கத்தையே பாசிசம் என்றது. 2025இல் மார்க்சிஸ்ட் கட்சி தன் மதுரை மாநாட்டுக்கான வரைவில், மத்திய ஆட்சியிடம் 'நவபாசிசக் கூறுகள்' தென்படுவதாக எழுதியது. கூடவே, இது பாசிச அரசு என்றோ நவபாசிச அரசு என்றோ தாங்கள் சொல்லவில்லை என்று விளக்கக் குறிப்பும் அனுப்பியது. மற்ற இடதுசாரிக் கட்சிகள் இதைச் சாடின. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மயிர்பிளக்கும் விவாதமாகத் தெரியலாம். ஆனால் அந்த ஒரு சொல்லைப் பொறுத்தே யாரோடு கூட்டணி, எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதெல்லாம் தீர்மானமாகும். 1935 மாநாட்டின் நிழல் அவ்வளவு நீளம்.

பாசிசத்தைப் பெற்றெடுத்த நாடே அதைச் சட்டத்தில் வரையறுக்க நேர்ந்தபோது என்ன செய்தது என்பது கவனிக்கத்தக்கது. கலைக்கப்பட்ட பாசிசக் கட்சியை எந்த வடிவிலும் மீண்டும் அமைக்கக் கூடாது என்று 1948இல் நடைமுறைக்கு வந்த இத்தாலிய அரசியலமைப்பு சொல்கிறது. எது அப்படி அமைப்பதாகும் என்பதை 1952இன் ஷெல்பா சட்டம் விளக்கியது: வன்முறையை அரசியல் வழிமுறையாகப் போற்றுவது, அதைக் கொண்டு மிரட்டுவது அல்லது பயன்படுத்துவது, அரசியலமைப்பு தரும் சுதந்திரங்களை ஒழிக்கச் சொல்வது, ஜனநாயகத்தை இழிவுபடுத்துவது, இனவெறிப் பிரசாரம் செய்வது. அந்தச் சட்டத்தின் கீழ் 1970களில் 'புதிய ஒழுங்கு' என்ற அமைப்பு கலைக்கப்பட்டது. முசோலினியின் கடைசி ஆட்சியில் பணியாற்றியவர்கள் 1946இல் தொடங்கிய இத்தாலிய சமூக இயக்கமோ தேர்தலில் நின்றுகொண்டே இருந்தது, கலைக்கப்படவில்லை. கையை நீட்டி ரோமானிய வணக்கம் செலுத்துவது குற்றமா என்ற கேள்வி 2024 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் முழு அமர்வுக்கு வந்தது. எங்கே, எந்தச் சூழலில், எத்தனை பேர் கூடி அதைச் செய்தார்கள், கட்சியை மீண்டும் உயிர்ப்பிக்கும் உண்மையான ஆபத்து அதில் இருந்ததா என்பதை ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனியே பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.